செலிபேட் என்ற சொல்லுக்கு நான் எடுத்துக்காட்டான விதம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

பிரசவத்துக்குப் போன இடத்தில் நீயும் அத்தானும், பிள்ளைபெற்ற மருமகளும், பிறந்து பதினோரு நாளேயான பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. குழந்தை வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்புகிறதா என்று பார்த்து எழுது. அது கண்ணாடிக் கடைக்காரன் தொழில்முறையில் கேட்பது. மற்றபடி இந்தக் கடிதம் முழுவதும் உன்மேல் எனக்கு வந்திருக்கிற கோபம்தான். மடியில் குழந்தை இருந்தால் மருமகளிடம் கொடுத்துவிட்டுப் படி. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீ "என்னடா, சாப்ட்டியா" என்றாய், நானும் "சாப்ட்டேங்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் எழுத்தில்தான் ஒழுங்காக வருகிறது.

இருபத்தாறு வருடமாக நீ ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதிக்கு ஆசிரியராக இருக்கிறாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். கண்ணாடி போட வருகிற ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூட "எங்க அக்காதான் அகராதி போடுறாங்க" என்று நானாக ஆரம்பித்துவிடுவேன். அந்த அகராதிக்குள்ளே என்னையே படுக்கப் போட்டு வைத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்லுக்குப் பொருள் போட்டால் போதாது, உயிருள்ள மனுஷன் அதை எப்படிச் சொன்னான் என்று ஓர் எடுத்துக்காட்டும் வேண்டும் என்று நீ அடிக்கடி சொல்வாய். நல்ல கொள்கை என்று தலையாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேனே, அந்த உயிருள்ள மனுஷன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

முதலில் இருந்து வருகிறேன். உங்கள் அகராதி அச்சாகிற அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிற ஒரு பெண்மணி நாலு வருடமாக என் கடைக்கு வருகிறார். நாற்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். பொடி எழுத்திலேயே பிழைப்பு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைச் சோதித்துக்கொள்வார். ஆக இதுவரை எட்டுத் தடவை. உனக்கு அவரைத் தெரிந்திருக்கும், வாரம் தவறாமல் அச்சகத்துக்குப் போகிறவள்தானே நீ. ஆனால் நான் உன் தம்பி என்று அவருக்குத் தெரியாது. ஊரெல்லாம் சொல்கிற பெருமையை அவரிடம் மட்டும் சொன்னதில்லை. அவர் முன்னால் எனக்கு "இப்ப தெளிவா இருக்கா" என்பதைத் தவிர வேறு வாக்கியம் வாயில் வராது. அக்கா, உடைத்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. மூன்றாவது தடவை வந்ததிலிருந்தே பிடித்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அவரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முடிவெட்டிக்கொண்டேன். அத்தான் கொடுத்த நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கேட்க வேண்டியதை இரண்டு வாரமாகக் கடையிலிருக்கிற ஒவ்வொரு நிலைக்கண்ணாடி முன்னாலும் நின்று சொல்லிப் பார்த்தேன். ஆறு கண்ணாடியிலும் சரியாகத்தான் வந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவரில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டையைப் படிக்க மாட்டார். "அதுவா என் வேலைங்க? நான் எதைப் படிக்கணுமோ அதுலதான பாக்கணும்" என்று அன்றைக்குத் திருத்த வேண்டிய பக்கத்தையே பையிலிருந்து எடுப்பார். அதை வாய்விட்டுப் படிப்பார், நான் லென்ஸை மாற்றிக்கொண்டே போவேன். மெய்ப்பு பார்க்கிறவர்கள் படிப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். காற்புள்ளி, அரைப்புள்ளி எதையும் விடாமல் வாயால் சொல்வார். அன்றைக்கும் லென்ஸைச் செருகுகிற சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பிளஸ் ஒன்றேமுக்காலில், "செலிபேட். பெயர்ச்சொல் காற்புள்ளி பெயரடை. அதுக்கு மேல மங்கலா இருக்குங்க" என்றார். பிளஸ் இரண்டு போட்டேன். "ஒன்று காற்புள்ளி, திருமணம் செய்துகொள்ளாதவர். இரண்டு காற்புள்ளி, நோன்பாகப் பாலுறவைத் தவிர்த்து வாழ்பவர் அரைப்புள்ளி, பிரம்மச்சாரி" என்று, தொலைபேசிக் கட்டண ரசீதைப் படிக்கிற குரலில் படித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சொல்லை என் கடையில் இதற்கு முன் யாரும் காற்புள்ளியோடு சேர்த்து உச்சரித்ததில்லை. பிளஸ் இரண்டேகாலைச் செருகினேன். "ஆங், இப்ப பளிச்சுனு இருக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைப் படித்தார்.

நீ போட்ட எடுத்துக்காட்டு என்ன என்று உனக்கே நினைவிருக்கிறதா, இல்லை என் வாயிலிருந்து எடுத்த நாற்பத்தொரு எடுத்துக்காட்டில் இது ஒன்று என்று மறந்துவிட்டாயா? "நான் பிரம்மச்சாரி காற்புள்ளி, எனக்கு எதுக்கு ரெண்டு தலகாணி கேள்விக்குறி." அதோடு விட்டாயா? முதல் மெய்ப்பில் ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் கீழே அது எங்கிருந்து கிடைத்தது என்று எறும்பு எழுத்தில் போடுவீர்களாமே, சரிபார்த்த பிறகு எடுத்துவிடுவீர்களாமே. அவர் அதையும் படித்தார். "வாய்மொழி காற்புள்ளி, ஆசிரியரின் தம்பி காற்புள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் காற்புள்ளி, மெத்தைக் கடையில் சொன்னது முற்றுப்புள்ளி."

அந்த முற்றுப்புள்ளி எனக்குத்தான். நான் கேட்க நினைத்திருந்த வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை. கையிலிருந்த லென்ஸ் பெட்டி கீழே போய்விட்டது. இருநூற்று முப்பத்திரண்டு லென்ஸ். மேசைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், வாசல் மிதியடி வரைக்கும் உருண்டன. நான் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் இருந்தேன். நான் பொறுக்கி முடிப்பதற்குள் திடுதிப்பென்று எழுந்து, "நான் அப்புறம் வரேங்க" என்று வேறு யாரோ பேசுகிற மாதிரி ஒரு குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன அவசரத்தில் தன் பழைய கண்ணாடியை விட்டுவிட்டு என் பூதக்கண்ணாடியைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. சிரிப்பா, அருவருப்பா, ஒன்றும் புரியவில்லை. புதுக் கண்ணாடி மறுநாளே தயார். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, அவர் வரவில்லை. அந்தப் பழைய கண்ணாடி கல்லாவுக்குப் பக்கத்தில் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து, கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

மெத்தைக் கடை விஷயம் நடந்து ஒன்பது வருடம் இருக்கும். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீதான் கட்டில், மெத்தை வாங்கக் கூட்டிப்போனாய். கடைக்காரர் இரண்டு தலையணை எடுத்து வைத்தார். நான் கூச்சத்தில் ஏதோ உளறினேன். நீ உடனே கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கிறுக்கினாய். என்னக்கா எழுதுறே என்று கேட்டதற்கு, "காய்கறி லிஸ்ட்டுடா" என்றாய். கூடப் பிறந்தவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லுவாள் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை காய்கறி லிஸ்ட் எழுதியிருக்கிறாய் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அவ்வளவு காய்கறி சமைத்ததே இல்லை.

புதன்கிழமை உன் அலுவலகத்துக்கே போனேன். எடுத்துக்காட்டு எழுதிய அட்டைகள் இருக்கிற இழுப்பறைகளுக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறாரே, நீங்கள் எல்லோரும் இழுப்பறைக்காரர் என்று கூப்பிடுவீர்களே, அவரிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வாயைத் திறந்தேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்கதானா அந்தத் தம்பி" என்றார். உள்ளே திரும்பி, "யப்பா, தம்பி வந்திருக்காருப்பா" என்று குரல் கொடுத்தார். நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஓர் அம்மா, "தலகாணி வாங்கிட்டீங்களா சார்" என்று அக்கறையாக விசாரித்தார். அக்கா, முன்பின் பார்த்திராத ஓர் அலுவலகமே என் படுக்கையைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறது. எனக்கு உட்கார நாற்காலி கேட்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு அவர் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். நாற்பத்தொரு அட்டை. தயங்குவதற்கு ஆங்கிலத்தில் ஆறு சொல் உண்டாம், ஆறுக்கும் நான்தான். தள்ளிப்போடுவதற்கு நான். சாக்குப்போக்குக்கு நான், இரண்டு அட்டை. மழுப்பல், கூச்சம், "பார்க்கலாம்", எல்லாம் உன் தம்பி உபயம். சரி, துணிச்சலுக்கு யார் என்று ஓர் ஆசையில் பார்த்தேன். அத்தான். உன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்காக, உன் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறாய். அது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

எனக்கு இந்தச் சொல்லில்தான் வழக்கு. நோன்பு இருப்பவன் அல்லவா செலிபேட்? நான் என்ன நோன்பு இருந்தேன்? ஒருவேளை சாப்பாடு தள்ளிப்போனாலே எனக்குத் தலை சுற்றும். இதை இழுப்பறைக்காரரிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். மனுஷர் அசரவில்லை, வேறொரு கட்டு அட்டையை எடுத்தார். "லத்தீன்ல இருந்து வந்த சொல்லு சார். அங்க கல்யாணம் ஆகாதவன்னுதான் அர்த்தம், அவ்வளவுதான். வேர் என்னன்னா தனியா வாழறவன்னு சிலர் சொல்றாங்க. இங்கிலீஷ்லயும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. சாமியாருங்க எடுத்துக்கிட்ட விரதம் அது மேல ஏறி உக்காந்து, இப்போ விரதம்தான் மொதல்ல ஞாபகத்துக்கு வருது" என்றார். அப்படியானால் பிரம்மச்சாரி என்று ஏன் போட வேண்டும் என்றேன். "அது இன்னும் வேடிக்கை சார். பிரம்மச்சாரின்னா ஆதியில குரு வீட்ல தங்கி வேதம் படிக்கிற மாணவன். படிப்பு முடிஞ்சா வீட்டுக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கணும். படிக்கிற வரைக்கும்தான் விரதம். நாளாவட்டத்துல படிப்பு போயிடுச்சு, விரதமும் பாதி போயிடுச்சு, கல்யாணம் ஆகாதது மட்டும் நின்னுடுச்சு." அட்டைக் கட்டை மூடி வைத்துவிட்டு, "உங்க கணக்குல பாத்தா, படிப்ப இன்னும் முடிக்கலன்னு சொல்லலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஆனால் அந்தப் பேச்சு என்னை வீடு வரைக்கும் விடவில்லை. நான் சாமியார் அல்ல, மாணவனும் அல்ல. முப்பது வயதில் அப்பாவின் கடையை எடுத்து நடத்தினேன், நாற்பதில் கடை என்னை எடுத்து நடத்த ஆரம்பித்துவிட்டது. யாரும் எனக்குப் பெண் தரமாட்டேன் என்று சொல்லவில்லை, நான்தான் யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. இதற்கு ஒரு சொல் இருக்கிறதா? இருந்தால் என்னை அங்கே கொண்டுபோய்ப் போடு. விரதத்தால் தனியாக இருப்பவன் வேறு, வெட்கத்தால் தனியாக இருப்பவன் வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு குறிப்பாகவாவது போட்டிருக்க வேண்டாமா? இருபத்தாறு வருட ஆசிரியருக்கு இது தோன்றாமல் போனது எனக்கு அதிர்ச்சியிலும் அதிர்ச்சி.

பதிவை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் கையெழுத்தும், எதிர் வழக்கு ஒன்றும் வேண்டுமாம். அதாவது நான் பிரம்மச்சாரி இல்லை என்று யாராவது இயல்பாகப் பேச்சுவாக்கில் சொல்ல வேண்டும், அது தேதியோடு அட்டையில் ஏற வேண்டும். "நாமளா சொல்லச் சொல்லிக் கேக்கக் கூடாது சார், அது செல்லாது" என்று அவர் எச்சரித்தார். மறுநாள் என்மேல் இரக்கப்பட்டு, கண்ணைச் சோதித்துக்கொள்கிற சாக்கில் அட்டையும் பேனாவுமாகக் கடைக்கே வந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் பார்த்துப் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் உள்ளே வந்தார். பதினைந்து வருடப் பழக்கம், எனக்காக எதையும் சொல்லுவார். நான் பேச்சை மெல்லக் குடும்பம், வீடு, வாசல் என்று திருப்பினேன். அவர் இழுப்பறைக்காரரைப் பார்த்து, "நம்ம கண்ணாடிக்காரருக்கு என்னங்க கவலை, கட்டைப் பிரம்மச்சாரி, நிம்மதியான மனுஷன்" என்று என் முதுகில் தட்டினார். இழுப்பறைக்காரர் மிகுந்த வருத்தத்தோடு பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். நாற்பத்திரண்டு.

ஆகவே அக்கா, என் கோரிக்கை இது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் முடிந்து அச்சுக்கு ஏறுகிறதாம். விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், வியாழனன்று உன் கைக்கு வந்துவிடும். வந்தவுடன் அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பி அந்தத் தலையணையை எடுக்கச் சொல். வேறு யாரையாவது போடு. உலகத்தில் உண்மையாகவே விரதம் இருக்கிற மகான்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வாக்கியம் கிடைக்காதா? உனக்கு இது நாற்பத்திரண்டு அட்டையில் ஓர் அட்டை. நான் ஒரே ஒருத்தரிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்பதற்கு நாலு வருடம் எடுத்துக்கொண்டேன். அதைக் கேட்பதற்கு முன்பே பதிலை நீ அச்சடித்து அவர் மடியில் வைத்துவிட்டாய். அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேறு கடையா இல்லை ஊரில்? ராத்திரி படுத்தால் அந்த ஒற்றைத் தலையணையைப் பார்க்கவே எனக்கு அவமானமாக இருக்கிறது. அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இரண்டையும் வாங்கியிருக்கலாம்.

மருமகளுக்கு என் அன்பு. நன்றாகத் தூங்கச் சொல், குழந்தை பெற்றவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. பேத்தியின் இரண்டு கண்ணும் கடைசி வரைக்கும் என் கடைப்பக்கம் வராமல் பளிச்சென்று இருக்க மனதார வாழ்த்துகிறேன். அத்தானுக்கு வணக்கம். அவர் துணிச்சல் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நாற்பத்திரண்டு அட்டைகளின் ஆதாரம்,
தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், கிழித்துத்தான் இதை எழுதுகிறேன். தபால் நிலையத்துக்குக் கிளம்பிக் கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தேன், அவர் வந்து நின்றார். கையில் என் பூதக்கண்ணாடி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அன்னைக்குச் சோதனை பாதியில நின்னுடுச்சு, முடிச்சிடலாம்" என்று நாற்காலியில் உட்கார்ந்து புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பக்கத்தை எடுத்தார். தலையணைக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்திருக்கிறது. அவர் படித்தார், ஆனால் இந்தத் தடவை ரசீது படிக்கிற குரலில் இல்லை. "குறிப்பு. நோன்பு ஏதும் இல்லாமல் தனித்து வாழ்பவரையும் இச்சொல் குறிப்பதுண்டு. எடுத்துக்காட்டு. விரதம்னு எல்லாம் ஒண்ணும் இல்லைங்க, கேக்க வேண்டிய மனுஷன் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் பாத்துட்டு அனுப்பிடறாரு. வாய்மொழி, அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவர், தேநீர் குடிக்கும்போது சொன்னது." படித்துவிட்டு, "டீ குடிக்கிறப்ப உங்க அக்கா ஏதோ எழுதினாங்க. என்னன்னு கேட்டேன், காய்கறி லிஸ்ட்டுன்னாங்க. அவங்க தம்பிதான் நீங்கன்னு எனக்கு யாருங்க சொன்னா? அன்னைக்கு நீங்க கீழ பொறுக்கிட்டிருந்தப்ப இதைப் பாத்துட்டேன். நீங்க எழுந்து நான் சொன்ன இந்த வரியப் பாத்துடக் கூடாதேன்னுதான் ஓடிட்டேன்" என்றார்.

காற்புள்ளி எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவே இல்லை, வேறு ஏதோ தலைகால் இல்லாமல் உளறினேன். கேள்வி என்று புரிகிற அளவுக்கு இருந்திருக்க வேண்டும். அவர் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல போய் அந்த ரெண்டாவது தலகாணிய வாங்குங்க" என்றார்.

ஆகையால் மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. பதிவில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதே, பக்கம் அப்படியே அச்சுக்குப் போகட்டும், மெய்ப்பு பார்த்தவரும் பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த பதிப்புக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு பேரைப் பார்த்துக்கொள்.